நல்லிருக்கை பதினாலு நாள்

கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பது, ஆடி மாதம். இங்கிலீஷ் கணக்கில் 1934, ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை. எதையும் இரண்டு கணக்கிலும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. நோட்டின் இடது பக்கம் கொல்லம், வலது பக்கம் இங்கிலீஷ். வைகாசி முதல் அந்த ஆடி வரையான பக்கங்களில் மட்டும் எழுத்து வேறொருவர் எழுதியது போலக் கோணிக் கிடக்கிறது. இடது கையால் எழுதியது.

வைகாசி முதல் வாரம் கால்வாய்க் கரையில் சைக்கிள் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள். துணியில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டு, இரண்டு வாரம் கழித்து அவிழ்த்துவிடச் சொன்னார்கள். நான் ஆறு வாரம் அவிழ்க்கவில்லை. இரண்டு வாரத்துக்கு நல்லது என்றால் ஆறு வாரத்துக்கு இன்னும் நல்லது என்பது என் எண்ணம். அவிழ்த்த அன்று கை நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தூக்கினால் தோள்பட்டையே கையோடு சேர்ந்து எழும்பியது.

நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகளுக்குக் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கரும்பலகை சுவரோடு பதித்தது. ஓரிரு வாரம் வாயால் கணக்குச் சொல்லிச் சமாளித்தேன். ஒரு நாள் தலைமையாசிரியர் அழைத்தார். கோபமே வராத மனிதர். அதனாலேயே அவர் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது.

"முப்பது நாள் லீவு தாறேன். ஆடி ஒண்ணுலேருந்து முப்பது. முப்பத்தொண்ணாம் தேதி நீர் போர்டுல எழுதணும். எழுத முடியல்லன்னா சின்னக் கிளாஸப் பாரும், இந்த ஆண்டு முடியது வரைக்கும்."

"அதுக்குப் பெறகு சார்?"

"அதுக்குப் பெறகு எங்கிட்டக் கேக்காதயும்."

என் மனைவியின் அண்ணன் குழித்துறைக்கு அப்பால் மிளகும் கருப்பட்டியும் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் தடவுக்குப் பெயர்போன ஆசான் ஒருவர் உண்டு என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். தடவு என்றால் எண்ணெய் போட்டுச் சதையை உழிந்து, உள்ளே கட்டிக் கிடப்பதை இளக்குவது. ஆடி மழையில் உடம்பு இளகிக் கொடுக்கும் என்பதால் அந்த மாதத்தில்தான் ஆசானிடம் ஆள் சேரும். மச்சானுக்கு எழுதினேன். பதில் அஞ்சல் கார்டில் வந்தது. இன்னும் என்னிடம் இருக்கிறது.

"ஆசானைக் கண்டேன். வரச் சொன்னார். தடவு 14 நாள். நல்லிருக்கை 14 நாள். பேதிக்குக் குடித்துவிட்டு வரவும். பழைய வேட்டி இரண்டு கொண்டுவரவும். கச்சை இங்கே உண்டு. பயப்பட வேண்டாம்."

கடைசி இரண்டு சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தார். அதுவரை எனக்கு அவ்வளவு பயம் இல்லை.

கார்டை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "கச்சைன்னா?" என்று கேட்டேன்.

"கோவணத்த நீளமாக் கட்டுதது. அதக் கட்டிக்கிட்டுக் குப்புறக் கெடக்கணும். ஆசான் மேல கயித்தப் பிடிச்சிக்கிட்டு முதுகில ஏறி நின்னு காலால சவிட்டித் தடவுவாரு. எங்க அப்பாவுக்கு ரெண்டு தடவ செஞ்சிருக்கு."

"வலிக்காதா?"

"அப்பா ஞானப்பாட்டுப் படிச்சாரு."

"அப்போ வலி இல்ல."

"வலிச்சதனாலதான் படிச்சாரு. சாதாரணமா அவரு கோயில்லகூடப் பாட மாட்டாரு."

நான் கார்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தடவு புரிந்தது. நல்லிருக்கை? இருக்கை என்றால் உட்காருமிடம், உட்காரும் நிலை. யோகம் பற்றிய புத்தகங்களில் ஆசனத்துக்கு அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நல்லிருக்கை என்பது நேராக, நன்றாக உட்கார்ந்து பழகுதல். கார்டில் இருந்த மற்றவை எல்லாம் புறப்படும் முன் செய்ய வேண்டியவை: பேதி, வேட்டி. எனவே இதுவும் புறப்படும் முன் செய்ய வேண்டியதுதான். தடவுக்கு முதுகைத் தயார் செய்கிறார்கள்.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆடி ஒன்று முதல் பதினாலு வரை நல்லிருக்கை. பதினைந்து பயணம். பதினாறு முதல் இருபத்தொன்பது வரை தடவு. முப்பது திரும்பி வருதல். முப்பத்தொன்று பள்ளிக்கூடம். ஒரு நாள்கூட மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. அவ்வளவு சுத்தமாகக் கணக்குப் பொருந்தியது எனக்கு ஓர் அத்தாட்சியாகவே பட்டது. எழுதிக் கேட்டிருக்கலாம். கார்டு போய்ப் பதில் வர நாலு நாள் ஆகும் என்று கேட்கவில்லை.

முதுகு நேரான மர நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தேன். காலையில் இரண்டு மணி நேரம், பகலில் இரண்டு, மாலையில் இரண்டு. தலை சுவரில் படக் கூடாது, தோள் இறங்கக் கூடாது என்று விதிகளையும் நானே வகுத்துக்கொண்டேன். மனைவி நெல் புடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"போட்டோ பிடிக்கதுக்கு இருந்த மாதிரி இருக்கீங்க. போட்டோக்காரனத்தான் காணல்ல."

"இது தயாரிப்பு."

"அண்ணன் எழுதினது இதுதானா?"

"வேற என்னவா இருக்கும்?"

அவள் பிறந்தது அந்தப் பக்கந்தான். ஆனாலும் சின்ன வயதிலேயே நாஞ்சில் நாட்டு போர்டிங்கில் படிக்க வந்துவிட்டவள். அவளுக்கும் தெரியவில்லை.

நாற்காலியில் இருந்தபடியே ஓர் உடற்கூறுப் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்தேன். தோளைச் சுற்றித் தசைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருப்பதைப் படத்தில் காட்டியிருந்தார்கள். மேலே அகலமாக ஒன்று, அதை உரித்தால் அடியில் வேறு, அதற்கும் அடியில் எலும்போடு ஒட்டிய நாடாக்கள். வெளித் தோலிலிருந்து அங்கே எப்படி ஒருவர் விரல் போகும்? போகும் வழியில் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கின்றனவே. வீங்கிச் சூடாக இருக்கிற மூட்டை அமுக்கக் கூடாது என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. அன்று முதல் மணிக்கொரு தரம் இடது கையால் வலது தோளைத் தொட்டுச் சூடு பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடாக இருப்பதாகவே தோன்றியது. பத்தாம் நாள் வாக்கில் கழுத்தும் இறுகிப் பக்கவாட்டில் திரும்ப மறுத்தது. நல்லிருக்கை வேலை செய்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பதினாலாம் தேதி பேதிக்குக் குடித்தேன். பதினைந்தாம் தேதி பஸ்ஸில் குழித்துறை போய் இறங்கினேன். சாரல் விடவில்லை. மச்சான் குடையோடு ஆற்றுப் பாலத்தண்டை நின்றார். என்னைப் பார்த்ததும், "என்ன மாப்ளே, கழுத்து சுளுக்கா? கைன்னுல்லா சொன்னீரு?" என்றார்.

"ரெண்டும்."

"நல்லதாப் போச்சு. போன கையோட ரெண்டையும் பாத்துரலாம்."

ஆசானைப் பற்றி நான் ஒரு உருவம் மனதில் வைத்திருந்தேன். மரம் போன்ற கால், விரிந்த நெஞ்சு. ஓலைக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தவர் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஒல்லி. மூக்குக் கண்ணாடி போடாத கணக்கப்பிள்ளை போலிருந்தார். கால்களைத்தான் முதலில் பார்த்தேன். பாதம் மட்டும் அகலமாக, எண்ணெயில் ஊறி மினுங்கியது. கொட்டகைக்குள் விட்டத்திலிருந்து கயிறு ஒன்று தொங்கியது. தரையில் ஓலைப்பாய்.

என்னைத் திண்ணையில் இருத்தி விசாரித்தார். எப்படி விழுந்தேன், எப்போது வலிக்கிறது, அந்தப் பக்கமாய்ச் சரிந்து படுக்க முடிகிறதா, விரல் மரத்துப் போகிறதா. நான் நோட்டைப் பிரித்து ஆரம்பத்திலிருந்து தேதிவாரியாகச் சொன்னேன்.

"தேதி இருக்கட்டும் சாரே. எந்தப் பக்கமா விழுந்தீரு, அதச் சொல்லும். முன்ன எப்பமாவது அடி பட்டதுண்டா? காய்ச்சல் கெடந்ததுண்டா? மறைக்கப்பிடாது. பழைய அடியிலத்தான் எனக்கு விரலு தெத்தி இடறும்."

பதினாறு வயதில் பனையேணியிலிருந்து விழுந்ததை அப்போதுதான் சொன்னேன். அது நோட்டில் இல்லை. அவர் தலையசைத்துக்கொண்டார். பிறகு என் கையைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சு உயரத்தில் நின்றது. கழுத்தில் விரல் வைத்தார். முகம் மாறியது.

"இது புதுசு. இது விழுந்ததுல வந்ததில்ல. இப்பம் கொஞ்ச நாளா என்ன செய்தீரு?"

"நல்லிருக்கை."

"எதுக்குப் பெறகு?"

"பிறகு இல்லை. முன்னால். பதினாலு நாள் நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன்."

ஆசான் மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார்.

"நாக்காலியிலயா?" என்றார் மச்சான். "நல்லிருக்கைன்னா தடவு முடிஞ்ச பெறகு ஓய்வா இருக்கதாக்கும் மாப்ளே. தடவு எத்தன நாளோ அத்தன நாளு. இது தெரியாதவன் ஒருத்தன் இருப்பான்னு நான் கண்டனா? தெரிஞ்சிருந்தா அதுக்குக் கீழயும் ஒரு கோடு போட்டிருப்பேன்."

"இருக்கை என்றால்..."

"புஸ்தகத்துல இருக்கது நாக்காலி. இங்க இருக்கது இருப்பு."

ஆசான் சிரிக்கவில்லை. என் கழுத்தைப் பைய அமுக்கியபடியே சொன்னார். "தடவினா உள்ள உள்ளதெல்லாம் எளகிக் கெடக்கும் சாரே. மழையில நனஞ்ச மண்சுவரு மாதிரி. அது காயது வரைக்கும் பாரம் ஏத்தப்பிடாது. வெயிலு ஆகாது, பச்சத்தண்ணி ஆகாது, தூரம் நடக்கப்பிடாது, கோவம் ஆகாது. நல்லிருக்கை இல்லாத தடவு, தடவாம விட்டதவிட மோசம். லீவு எத்தன நாளு மிச்சம்?"

நோட்டைப் பார்க்காமலே தெரியும். பதினைந்து. அதில் ஒன்று திரும்பும் நாள்.

"பதினாலு நாளும் தடவிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டே ஓய்வெடுத்தால்?" என்று கேட்டேன்.

"போர்டுல எழுதிக்கிட்டா? வேற ஆசானப் பாரும்."

சின்ன வகுப்பும், ஆண்டு முடிவும், அதற்குப் பிறகு எங்கிட்டக் கேக்காதயும் என்ற குரலும் ஒன்றாக வந்து நின்றன. ஆசான் விரல் மடக்கினார். ஏழு நாள் தடவு, ஏழு நாள் நல்லிருக்கை. இதுதான் வழி. ஏழு நாளில் கை காது மட்டம் வரலாம். அதற்கு மேல் அவர் வாக்குத் தர மாட்டார். "அதுலயும் ஒண்ணு ரெண்டு நாளு நீரு நாக்காலியில கட்டினத அவுக்கப் போயிரும்" என்றார்.

காது மட்டத்தில் எழுதினால் பின்பெஞ்சுக்குத் தெரியுமா? அன்று இரவு முழுக்க எனக்கு அதுவே கணக்கு. பலகையின் அடிவிளிம்பு என் இடுப்பு உயரம். மனதுக்குள் பெஞ்சு பெஞ்சாகத் தலைகளை வைத்துப் பார்த்தேன். விடை ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது.

ஏழு நாளும் வெறும் வயிற்றில் விடியற்காலை போக வேண்டும். முடிந்த பிறகு பொடியரிக் கஞ்சி. கச்சையைக் கட்டிக்கொண்டு பாயில் குப்புறக் கிடந்தபோது வெட்கம் ஒரு நிமிஷந்தான் இருந்தது. பிறகு பயத்துக்கே இடம் போதவில்லை. சூடாக்கிய எண்ணெயை ஆசான் கழுத்திலிருந்து இடுப்பு வரை விட்டார்.

"ரெண்டு வலி உண்டு சாரே. இழுக்குத வலி ஒண்ணு. அதுக்கு ஒண்ணும் சொல்லாண்டாம், கெடந்தாப் போதும். மின்னுத வலி ஒண்ணு. மின்னினாலோ, விரலு மரத்தாலோ அந்த நிமிஷமே சொல்லணும். வெக்கம் பாக்கப்பிடாது."

முதல் இரண்டு நாள் உள்ளங்கையால் மட்டும். புத்தகத்தில் பார்த்த மேல் அடுக்கு அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் கட்டைவிரல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

"மூச்சு உள்ள நிக்கும்போது ஒம்ம சதை கதவச் சாத்திரும். நான் வெளிய நின்னு தட்டணும். என்னமாவது பேசும்."

"என்ன பேச?"

"கணக்கு வாத்தியார்தான நீரு? வாய்ப்பாடு சொல்லும்."

பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். குரல் தடுமாறும் இடத்தில் அவர் விரல் நின்றது. சீரானதும் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அமுக்கித் திறப்பதில்லை, சதை விடுகிற அளவுக்கு மட்டும் போவது என்று அப்போது புரிந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த மச்சான், "மாப்ளே, பதினாறொம்பது நூத்தி நாப்பத்தாறு இல்ல" என்றார். "வலியில ரெண்டு கூடும், விடும்" என்றார் ஆசான்.

ஐந்தாம் நாள் கயிற்றைப் பிடித்தார். பாதத்தின் வெளி ஓரத்தை முதுகெலும்புக்கும் தோள்பட்டைக்கும் நடுவே வைத்து நீளமாக இழுத்தார். நான் எதிர்பார்த்த பாரம் இல்லை. பாரத்தைக் கயிறு வாங்கிக்கொண்டது. ஆனால் தோள்பட்டைக்கு அடியில் ஏதோ ஒன்று, ஈரத்துணி கிழிவது போல, பிரிந்து கொடுத்தது. அன்று எழுந்து உட்கார்ந்தபோது கை வாய் வரை வந்தது. ஒன்றும் பேசாமல் வேட்டியைக் கட்டிக்கொண்டேன். பேசினால் போய்விடும் என்று பயம்.

ஆறாம் நாள் பாதம் அதே இடத்தில் போகும்போது சுண்டுவிரலில் ஒரு பொறி ஓடியது. வாய்ப்பாட்டை நிறுத்தாமல் சொன்னேன். மின்னலா அது? அல்லது பயமா? சொன்னால் நிறுத்திவிடுவார், ஒரு நாள் போகும். எனக்கு இருந்தது அன்றும் மறுநாளும் மட்டுமே. இன்னொரு முறை ஓடியது. பதினாறேழு வரை சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை விரல் மரத்தே போனது.

"ஆசானே, மின்னுது."

பாதம் அந்தரத்தில் நின்றது. இறங்கிப் பக்கத்தில் குந்தினார். "எத்தனாவது தடவ?"

"மூணு."

சற்று நேரம் என் சுண்டுவிரலைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தார். "ரெண்டு தடவ என்னத்துக்குப் பேசாமக் கெடந்தீரு? எழுதுத கைதான இது?" என்றார். மறுநாள் காலால் தடவவில்லை. உள்ளங்கையால் எண்ணெய் மட்டும் போட்டு அனுப்பினார். ஏழு, ஆறாகிவிட்டது.

அதன் பிறகு மச்சான் வீட்டில் நல்லிருக்கை ஏழு நாள். ஒரே ஒரு விதி எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது: கையைத் தூக்கிச் சோதிக்கக் கூடாது. தோள் மட்டத்துக்கு மேல் கொண்டுபோகவே கூடாது. காய்கிற சுவரைத் தட்டிப் பார்க்கிறவனைப் போல ஆகிவிடும் என்றார் ஆசான். வந்ததா வரவில்லையா என்று தெரியாமல், சாய்ந்து படுத்தபடி, கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சுண்டுவிரல் மூன்றாம் நாளில் சரியானது. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் கிள்ளிப் பார்ப்பேன். மச்சான் கடைக்குப் போகும்போதும் வரும்போதும், "நாக்காலி வேணுமா மாப்ளே?" என்று கேட்கத் தவறவில்லை.

ஆடி முப்பதில் திரும்பினேன். பஸ் குலுங்கும் இடமெல்லாம் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டேன். மனைவி வாசலிலேயே, "வந்துதா?" என்றாள். "நாளைக்குத் தெரியும்" என்றேன். அவள் சட்டையைக் கழற்ற உதவினாள்.

மறுநாள் முதல் மணிக்குத் தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்தார். நேராகப் பின்னால் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். "நீளமான கணக்கு ஒண்ணு போடும். நான் பாத்து எழுதுதேன்" என்று பையிலிருந்து தாளை எடுத்தார்.

சாக்பீசை எடுத்துக் கையைத் தூக்கினேன். தாடை தாண்டியது. காதுக்கு வந்தது. அங்கே ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. அந்த மட்டத்தில் ஆரம்பித்து, பத்து வரிக் கூட்டு வட்டிக் கணக்கைப் போட்டுக் கீழே விடை எழுதினேன். திரும்பிப் பார்த்தேன். அவர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். நிறுத்தினார். கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"கடைசி மூணு வரி தெரியல்ல. தலை மறைக்குது. அழிச்சிட்டு இன்னும் ஒரு சாண் மேல இருந்து ஆரம்பியும்."

அழித்தேன். அழிக்க இடது கை போதும் என்பதால் அதை நிதானமாகச் செய்தேன். பிறகு மறுபடியும் தூக்கினேன். காதில் நின்றது. தோளை உயர்த்தி ஏமாற்றலாம். அது தலைமையாசிரியருக்குத் தெரியும், முன்னமே பார்த்திருக்கிறார். தோளை இறக்கிக்கொண்டு கையை மட்டும் நகர்த்தினேன். இழுக்கிற வலிதான். மின்னவில்லை. நெற்றி மட்டத்துக்கு வந்தது. ஒரு சாண் இல்லை, அரைச் சாண்தான். அங்கேயே முதல் எண்ணை எழுதினேன். வரிகளை நெருக்கினேன். பத்து வரியை எட்டு வரியில் அடக்கினேன்.

அவர் முழுவதையும் பார்த்து எழுதினார். எழுந்து வந்து பலகையையும் தாளையும் ஒத்துப் பார்த்தார்.

"எழுத்து கோணல்" என்றார். "கணக்கு சரி. இதுக்கு மேல ஏறுமா?"

"அடுத்த ஆடியில் பதினாலும் பதினாலும் இருபத்தெட்டு நாள் கிடைத்தால் ஏறலாம் சார்."

"லீவு இனிக் கெடையாது."

சேர்ந்த தேதியை லீவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேல் வகுப்பு எனக்கே இருந்தது. கையும் அந்த உயரத்திலேயே இருந்துவிட்டது. பலகையின் மேல் பாகம் எப்போதும் கறுப்பாகவே கிடந்தது. வரிகளை நெருக்கி எழுதவும், பிள்ளைகளை முன்பெஞ்சுக்கு நெருங்கி உட்கார வைக்கவும் பழகிக்கொண்டேன். புதிதாக வருகிற இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரும் மேலே ஏன் எழுதவில்லை என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் சாக்பீசை எடுத்து, கை ஏறுகிற இடம் வரை தூக்கிக் காட்டுவேன்.